பயோ வாஷ்

ஐம்பத்தைந்து டிகிரி.
அமிலம், அஞ்சுக்குச் சற்றுக் கீழே.
நாற்பது நிமிஷம்.
அதற்குள் என்சைம்
துணியின் பூனைமயிரை மேய்ந்து முடிக்கும்.
மேயத் தெரிந்ததற்கு நிறுத்தத் தெரியாது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
மணியைப் பார்த்து வால்வைத் திருகி
எண்பதுக்கு ஏற்றிக் கொன்றுவிட்டு
டீ குடிக்கப் போவேன்,
பத்தொன்பது வருஷமாக, திருப்பூரில்.

ஒருதரம் கரண்டு போனது. ஜெனரேட்டரும் மக்கர்.
மூன்று மணிநேரம்
சூடு ஆறாத தொட்டிக்குள்
ஐந்நூறு கிலோ பனியன் துணி.
எடுத்துப் பார்த்தால் அவ்வளவு மெத்து,
பொறந்த கொழந்தை கன்னமாட்ட.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

இப்போது
இடதுகால் பெருவிரலுக்கு அடியில்
அதே ஓட்டை.
சித்திரையில் செருப்பு கடித்தது.
இது ஐப்பசி.
சர்க்கரை முந்நூற்றுப் பத்து.

டாக்டருக்கு என் மூத்தவன் வயசிருக்கும்.
சீட்டின் பின்பக்கம் ஒரு கயிறு வரைந்தார்:
"சதையைத் தாங்குறது இதுதானுங்க.
மூணு இழை முறுக்கு."
எனக்குச் சிரிப்பு வந்தது.
நூல்காரனுக்கு முறுக்குப் பாடமா!
"ஒரே இடத்துல, முக்கால் நீளத்துல, வெட்டு விழும்.
விழுந்தா உடம்புச் சூட்டுக்கே முறுக்கு பிரிஞ்சுரும்.
மிச்சத்தைத் தின்ன வேற என்சைம் காத்துட்டு இருக்கும்."
வெட்டும் வாயில்
ஒரே ஒரு அணு துத்தநாகமாம்.

"ஏனுங், அதை உள்ளே விட்டது யாரு?"
"நீங்கதான். உங்க செல்லே காய்ச்சுது."
"நிறுத்த?"
"நிறுத்துற சரக்கும் அதுவே காய்ச்சணும்.
உங்களுக்கு அது பத்தலை."
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எதற்காகக் காய்ச்சுகிறது என்று
கட்டுப் போடும் ஹெப்சிபாவிடம் கேட்டேன்.
பிரசவ லீவு முடிந்து வந்து நாலு நாள்.
ஒட்டிய துணியில் உப்புத்தண்ணி விட்டு
நூல்நூலாக உரித்துக்கொண்டே சொன்னாள்:
"புள்ளை பொறந்தன்னைக்கு
என் கர்ப்பப்பை ஒரு கிலோ இருந்திருக்குங்க.
ஆறு வாரத்துல ஒரு கோழிமுட்டை எடை.
மிச்சமெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கறீங்க?
பழசைத் தின்னாத்தானுங்க புதுசு ஏறும்.
உங்க புண்ணுலயும் சதை வருது.
வர்றதையும் சேர்த்துத் தின்னுடுது."

காங்கயம் பக்கம் கொறங்காட்டைச் சுற்றிக்
கிளுவை வேலி நிற்கும்.
வெட்ட வெட்டத்தான் அடர்த்தி.
அரிவாளே படாவிட்டால் அடி காலியாகி
ஆடு நுழையும்.
செக்கிங் செக்‌ஷன் துளசிமணிக்கு
மார்பில் வந்த கட்டி
அந்த அரிவாளைக் கேட்டு வாங்கிக்கொண்டது.
சவ்வு வேலியை அறுத்தது,
அக்குளுக்கு இறங்கியது,
அங்கிருந்து எலும்புக்கு.
பங்குனிக்குள் முடிந்தது.
அவள் பாஸ் பண்ணிய துணியில்
ஒரு ஓட்டை வந்ததில்லை.

அதே அரிவாள்.
ஹெப்சிபாவின் வயிற்றைச் சுருக்கி
அவளை நாலாவது நாளே வேலைக்கு நிறுத்தியதும்.
அதன்மேல் கோபப்பட
எனக்கு எந்தப் பக்கமிருந்து முடியும்?

ராத்திரி ஷிப்டு.
காலை இன்னொரு ஸ்டூலில் தூக்கி வைத்திருக்கிறேன்.
கட்டுக்குள் மெல்ல ஏதோ ஊர்கிறது,
வலியில்லை, வலி எப்போதோ செத்துவிட்டது.
அந்தச் சூடு எத்தனை,
அமிலம் எத்தனை,
எத்தனையாவது நிமிஷம்,
ஒரு மீட்டரும் வெளியே வைக்கவில்லை.
தடவிப் பார்த்துவிட்டேன், வால்வு கிடையாது.

தொட்டி சுற்றுகிறது.
துணி தலைகீழாக வருகிறது, போகிறது.
ஒடிசாவிலிருந்து வந்து ஆறு மாதமான தபன்
அவன் தமிழில் கத்துகிறான்:
"மாஸ்டர், நாப்பது ஆச்சி!"

எழுந்திரிக்கிறேன்,
ஒற்றைக்காலில்.